மாமா வழிமொழிந்த தீர்மானம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். தொலைபேசியில் அம்மாவுக்கு ஒரு மாதிரியும் சித்திக்கு இன்னொரு மாதிரியும் சொல்லப்போய், ஊரில் இப்போது “சிவா ஒக்லாந்தில தேர்தலில நிக்கிறாராம்” என்று ஒரு கதை உலாவுகிறதாம். மாமா எந்தத் தேர்தலிலும் நிற்கவில்லை. நடந்தது இவ்வளவுதான்:

1. மாமாவின் கடை இருக்கும் தெருவில் ஒரு பக்கத்துக் கார் நிறுத்தும் இடங்களை எடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு மட்டுமான பாதை போடலாமா என்று அந்தப் பகுதி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த நகரக் கவுன்சில் முடிவுசெய்தது. பதில் “வேண்டும்” அல்லது “வேண்டாம்”.

2. கடைத்தெருவின் வணிகர் சங்கம் அதைப்பற்றிக் கூட்டம் கூட்டியது. சங்கக் கூட்டங்களுக்குப் போகாத மாமா அன்று போனார்.

3. “வேண்டாம் என்ற பக்கத்தைச் சங்கம் ஆதரிக்க வேண்டும்” என்று தலைவர் கிரெக் முன்மொழிந்தார். யாரும் பேசவில்லை. மாமா கையை உயர்த்தி வழிமொழிந்தார்.

4. தீர்மானம் நிறைவேறியது.

5. சங்கம் தன் பணத்தில் துண்டுப்பிரசுரம் அச்சிட்டு வீடுவீடாகப் போட்டது. “உங்கள் கடைக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்” என்பது தலைப்பு. முன்மொழிந்த கடையின் பெயரும் வழிமொழிந்த கடையின் பெயரும் கீழே இருந்தன.

6. பக்கத்துத் தையல்கடை மேரி அக்கா அதை வாசித்தார்.

7. மேரி அக்கா மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

இந்த ஏழாவதுதான் பிரச்சினை. மற்ற ஆறும் அதற்கு வழி.

இரண்டு

நியூசிலாந்தின் ஒக்லாந்து நகரில், பிளாக்ஹவுஸ் பே என்ற இடத்துக்கும் மவுண்ட் ரோஸ்கிலுக்கும் நடுவில் இருக்கும் சிறிய கடைத்தெரு அது. பெயரை வேண்டுமென்றே விடுகிறேன்; அங்கே எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். ஒரு மருந்தகம், ஒரு டெய்ரி, கிரெக்கின் ஹார்ட்வெயர் கடை, சீனரான டேவிட்டின் நூடில்ஸ் கடை, இன்னும் சில. டெய்ரி என்றால் இங்கே மூலைக்கடை. நான் படிக்க வந்த புதிதில், மாமி “டெய்ரிக்குப் போய்ப் பாண் வாங்கிக்கொண்டு வா” என்றபோது மாட்டுப் பண்ணையில் ஏன் பேக்கரிப் பாண் விற்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே தெருமுனை வரை நடந்திருக்கிறேன்.

மாமா என்பவர் அம்மாவின் தம்பி. பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்: அரிசி, பருப்பு, கறித்தூள், உறைந்த மீன், கோயில் நாட்களில் வெற்றிலை. மேரி அக்கா ஈப்போவிலிருந்து வந்த மலேசியத் தமிழர். ஆடை திருத்துவது, மடிப்புத் தைப்பது, ஜிப் மாற்றுவது அவருடைய தொழில். இரண்டு கடைக்கும் நடுவில் ஒரே சுவர். மாமா சரக்கெடுக்க மவுண்ட் வெல்லிங்டன் பக்கம் வேனில் போகும்போது மேரி அக்கா தையலை வைத்துவிட்டு மாமாவின் கல்லாவில் நிற்பார். மேரி அக்கா ஞாயிறு தேவாலயத்துக்குப் போனால், அவரிடம் உடுப்பு வாங்க வருபவர்களுக்கு மாமா பையை எடுத்துக் கொடுப்பார். ஒருமுறை ஒரு மணப்பெண்ணுக்குத் தவறான பையைக் கொடுத்து, அந்தப் பெண் யாரோ ஒரு பாதுகாப்பு ஊழியரின் சீருடையோடு வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். அதற்குக்கூட மேரி அக்கா பேச்சை நிறுத்தவில்லை. சிரித்துச் சிரித்துக் கண்ணீர் வந்ததாம்.

வாக்கெடுப்பில் இவர்கள் இருவரும் இரு பக்கம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. மாமாவிடம் வருபவர்கள் பெரிய அரிசி மூட்டையைத் தூக்கிக் காரில் போடுகிறவர்கள். கார் வாசலில் நிற்க வேண்டும். மேரி அக்காவிடம் வருபவர்களில் பாதிப்பேர் கார் ஓட்டுவதை விட்டுவிட்ட முதியவர்கள், ஒரு காற்சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர்கள். பஸ் நேரத்துக்கு வர வேண்டும். வாக்கெடுப்பு அறிவித்த வாரத்தில் இதைப்பற்றி இருவரும் தேநீரோடு வாக்குவாதப்பட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

“அண்ணே, உங்க கஸ்டமருக்கு கை இருக்கு, கால் இல்லியா? கொஞ்சம் நடக்கட்டும் லா.”

“நடக்கலாம். இருபது கிலோ அரிசியும் சேர்ந்து நடக்குமோ?”

“சைக்கிள்ல கட்டிவிடுங்க.”

அப்படித்தான் இருந்தது.

மூன்று

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மாமா வீட்டில் மதியம் சாப்பிட்டுவிட்டு, கடைக்கு வந்த மின்னஞ்சல்களைப் பார்த்துக் கொடுப்பேன். மென்பொருள் சோதிப்பது என் தொழில். ஆகவே கணினி தொடர்பான எதுவும் என் தொழில் என்பது மாமாவின் நம்பிக்கை. பிரசுரம் வந்த ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் அது குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் கிடந்தது.

மாமி த்ரீ கிங்ஸ் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைசெய்கிறார். பஸ்ஸில்தான் போய்வருகிறார். பிரசுரத்தை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, சத்தமாக வாசித்தார்.

“உங்கள் கடைக்காரர்கள் வேண்டாம் என்கிறார்கள்… இஞ்சேருங்கோ, இதில உங்கட கடைப் பேர் கிடக்குது.”

“ஓம். தெரியும்.”

“நான் மழைக்குள்ள பஸ்ஸுக்கு நிக்கிறது உங்களுக்குத் தெரியுமோ?”

“அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் வழிமொழிஞ்சனான். அவ்வளவுதான்.”

“ஏன் மாமா வழிமொழிஞ்சனீங்கள்?” என்று கேட்டேன்.

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். “கிரெக் எழும்பி நிண்டு சொல்லிப்போட்டு எல்லாற்ற முகத்தையும் பாக்கிறான். ஒரு சனமும் வாய் திறக்கேல்லை. மனிசன்ர முகம் சிவந்துபோச்சுது. பாவமா இருந்துது, பிள்ளை.”

“பாவம் பாத்து வழிமொழியிற ஆள் உலகத்தில நீங்கள் ஒருத்தர்தான்” என்றார் மாமி.

உலகத்தில் ஒருவர் அல்லர். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊர் சனசமூக நிலையத்துக் கூட்டங்களுக்கு அப்பாவோடு போயிருக்கிறேன். அங்கே ஒருவர் எழுந்து ஒன்றை முன்மொழிந்தால், அது எவ்வளவு மோசமான யோசனையாக இருந்தாலும், வழிமொழிய ஆளில்லாமல் அவரை நிற்கவிடுவது மரியாதைக் குறைவு. யாராவது ஒருவர், பெரும்பாலும் பக்கத்து நாற்காலிக்காரர், “வழிமொழிகிறேன்” என்று சொல்லிவிடுவார். பிறகு வெளியே வந்து சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, “விசர் யோசனை” என்று தானே திட்டுவார். பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம். அது எழுந்து நின்ற மனிதருக்குக் கொடுக்கும் கை. கருத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

ஒக்லாந்தில் அது கருத்தாகிவிட்டது. கூட்டக் குறிப்பில் பதிவாகி, அச்சாகி, தபால்பெட்டிக்குள் போய்விட்டது.

மாமாவின் மகள் அபி பதினோராம் ஆண்டு படிக்கிறாள். அதுவரை கைத்தொலைபேசியிலிருந்து தலை நிமிராதவள், நிமிராமலே சொன்னாள்: “அப்பா, யூ கான்ட் செகண்ட் திங்ஸ் ஜஸ்ட் பிகாஸ் யூ ஃபீல் சாரி ஃபோர் பீப்பிள்.”

“தமிழில சொல்லு.”

அபி யோசித்தாள். “பாவம் எண்டு… கை தூக்க ஏலாது.”

“பாத்தியா, அவளுக்கே விளங்குது” என்றார் மாமி. அபி தமிழில் ஒரு முழு வாக்கியம் சொன்ன சந்தோஷத்தில் மாமா தன் மேலேயே வந்த குற்றச்சாட்டைக் கவனிக்கவில்லை. “வடிவாச் சொன்னாய்” என்று அவளுக்கு இன்னொரு மீன் துண்டு வைத்தார்.

நான்கு

மேரி அக்காவைப் பார்க்க நானே போனேன். என் பாவாடையில் கரை பிரிந்திருந்தது, அது சாக்கு. அவர் அதை வாங்கி, ஊசியை வாயில் பிடித்துக்கொண்டு, தானாகவே பேச ஆரம்பித்தார்.

“உங்க மாமாவுக்கு கார் வேணும்னா வேணும்னு சொல்லட்டும். கடை வாசல்ல பெருசா எழுதி மாட்டட்டும். எனக்கு கோவமே இல்ல. ஆனா இந்த நோட்டீஸ் யார் காசு? என் காசும்தானே? என் காசுல என்னையே வேணாம்னு சொல்றாங்க. அதுல பக்கத்துக் கடை பேரு வேற.”

“மாமா அப்பிடி நினைச்சுச் செய்யேல்லை, அக்கா.”

“அதான்மா எனக்கு வருத்தம். நினைச்சு செஞ்சிருந்தா சண்டை போடலாம்.”

இந்தப் பணத்தை ஊரில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கே கவுன்சிலுக்குக் கட்டும் ரேட்ஸ் என்பது நம்முடைய சோலைவரி, அதாவது சொத்துவரி, போன்றது. சில கடைத்தெருக்களில் அந்த வரியோடு கூடுதலாக ஒரு தொகையைக் கவுன்சில் அறவிட்டு, அப்படியே வணிகர் சங்கத்திடம் கொடுத்துவிடும். கட்டடத்தின் சொந்தக்காரர் அதை வாடகையோடு சேர்த்துக் கடைக்காரர் தலையில் வைப்பார். சங்கம் அதைக்கொண்டு பூந்தொட்டி தொங்கவிடும், நத்தார் பண்டிகைக்கு விளக்குப் போடும், பாதுகாப்புக் கமரா பூட்டும். “நான் சங்கத்தில் இல்லை, எனக்கு வேண்டாம்” என்று சொல்லி அந்தப் பணத்தைக் கட்டாமல் விட முடியாது. பிடிக்காத கோயிலுக்குப் போகாமல் இருக்கலாம். இதற்கு அந்த வழி இல்லை.

ஆகவே கேள்வி பஸ்ஸைப் பற்றியதே இல்லை. எல்லாரிடமும் கட்டாயமாக வாங்கிய பொதுப்பணத்தில் நடக்கும் ஒரு சங்கம், மக்கள் வாக்களிக்கும் விஷயத்தில் “இந்தப் பக்கம் போடுங்கள்” என்று சொல்லலாமா என்பதுதான்.

கவுன்சிலுக்கு மாமாவின் பெயரில் மின்னஞ்சல் எழுதினேன். மிகவும் பணிவான பதில் வந்தது. சங்கம் சுயாதீனமான அமைப்பு, சங்கத்தின் விதிகள் அடங்கிய யாப்பையும் நிதி ஒப்பந்தத்தையும் பார்க்கவும், மேலும் கேள்விகள் இருந்தால் தயங்காமல் எழுதவும். இரண்டையும் பார்த்தேன். “உறுப்பினர்களின் நலனுக்காகக் குரல் கொடுத்தல்” சங்கத்தின் பணிகளில் ஒன்று என்று இருந்தது. உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்திருந்தால் யாருடைய நலன் என்று இல்லை. தயங்காமல் இன்னொரு முறை எழுதினேன். அதே பதில், வேறு ஒருவருடைய கையெழுத்தோடு வந்தது.

கிரெக்கையும் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கிரெக் கெட்டவர் என்று யாராவது நினைத்தால் அது என் எழுத்தின் பிழை. மாமா கடை திறந்தபோது, முன்பின் தெரியாத கிரெக் தன் துளைபோடும் கருவியோடு வந்து சரக்கு அடுக்கும் இறாக்கைகளைச் சுவரில் பூட்டிக் கொடுத்தவர். இன்றைக்கும் மாமி செய்து கடையில் வைக்கும் கத்தரிக்காய்ப் பொரியலுக்காகவே பலசரக்கு வாங்க வருகிறவர். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

“நாங்கள் பேசாவிட்டால் எங்களுக்காக யார் பேசுவார்கள்? சைக்கிள்காரர்களுக்குக் குழு இருக்கிறது. குடியிருப்பாளர்களுக்குக் குழு இருக்கிறது. அவர்களும் கவுன்சிலிடம் ஏதாவது உதவித்தொகை வாங்குகிறார்கள். அவர்கள் எல்லாம் பேசலாம், கடைக்காரர்கள் மட்டும் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா?”

இதில் நியாயம் இருக்கிறது. நான் வழக்கம்போல இரண்டு பட்டியல் போட்டு வைத்திருந்தேன், சார்பாக ஒன்று, எதிராக ஒன்று. கிரெக் சொன்னதைச் சார்புப் பட்டியலில் முதலாவதாகச் சேர்த்தேன். ஆனால் சோதனை வேலையில் ஒரு பழக்கம் உண்டு. விதி சரியா என்று அறிய, உள்ளே போடுவதைத் தலைகீழாக்கிப் போட்டுப் பார்க்க வேண்டும்.

“கிரெக், அதே கூட்டத்தில் பஸ் பக்கத்து ஆட்கள் கூடுதலாக வந்திருந்து, உங்கள் பணத்தில் ‘வேண்டும்’ என்று பிரசுரம் போட்டிருந்தால்?”

அவர் ஆணிப்பெட்டியை மூடினார். “சங்க அலுவலகத்துக்கு நெருப்பு வைத்திருப்பேன்” என்றார். கொஞ்சம் யோசித்து, “எங்களுக்கு அலுவலகம் இல்லை” என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஐந்து

எனக்கு இன்னொரு வணிகர் சங்கம் நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், எப்போதாவது ஒரு நாள் காலையில் கடைத்தெரு முழுவதும் இழுகதவு இறங்கிக் கிடக்கும். கடையடைப்பு. வணிகர்கள் பூரண ஆதரவு என்று முதல்நாளே பத்திரிகையில் வந்திருக்கும். எந்த வணிகரை யார் கேட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. பல நாட்களில் காரணம் நியாயமானதாகவே இருந்தது; எங்கள் வீட்டிலும் அதற்கு ஆதரவுதான். ஆனால் மனதார ஆதரித்தவரின் கதவும் பயந்து மூடியவரின் கதவும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரித்தான் இருக்கும். எங்கள் சந்தியிலிருந்த பேக்கரிக்காரர் முன்கதவால் ஆதரவு தெரிவித்துவிட்டுப் பின்கதவால் பாண் விற்பார். வாங்கப் போகிறவர்களும் பையைச் சுருட்டிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டுதான் போவார்கள்.

இதை மாமாவிடம் சொன்னேன். அவர் கடையில் பருப்புப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அன்று சரக்கெடுக்கப் போய்வந்த நேரம் முழுக்கக் கடை பூட்டிக் கிடந்தது. கல்லாவில் நிற்க ஆளில்லை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு இரண்டு வாடிக்கையாளர்கள் திரும்பிப் போனதை, தன் கடைக் கண்ணாடி வழியாக மேரி அக்கா பார்த்திருப்பார். வெளியே வரவில்லை.

“எனக்கும் அங்க ஒரு சின்னக் கடை இருந்தது” என்றார் மாமா. “சங்கம் சொன்னால் பூட்டுவம். சரியோ பிழையோ எண்டு யோசிக்கிற பழக்கமே இல்லை. சங்கம் சொன்னது எங்கட வாய் சொன்னதாத்தான் கணக்கு. இஞ்சையும் சங்கம் எண்ட உடன கை தானா எழும்பிட்டுது.”

“இப்ப என்ன செய்யலாம் மாமா?”

“நீ சொல்லு. நீதானே பட்டியல் போடுறனி.”

யாப்பின்படி, குறிப்பிட்ட அளவு உறுப்பினர்கள் கையெழுத்திட்டுக் கேட்டால் விசேட கூட்டம் கூட்டி, ஆதரவைத் திரும்பப் பெறும் தீர்மானத்தைக் கொண்டுவரலாம். நான் கோரிக்கையை எழுதிக் கொடுத்தேன். மாமா தெருவில் நடந்து கையெழுத்து வாங்கினார். மருந்தகக்காரி போட்டார். டெய்ரிக்காரர் வாசிக்காமலே போட்டார். “இவரும் எங்கட ஆள்போல” என்றார் மாமா. கடைசியாக ஒரே ஒரு கையெழுத்து குறைந்தது. அதை எங்கே வாங்க வேண்டும் என்பது மாமாவுக்குத் தெரியும். அதனால்தான் கடைசியாக விட்டிருந்தார்.

என்னையும் இழுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனார். மேரி அக்கா இயந்திரத்தை நிறுத்தவில்லை.

“மேரி, ஒரு கையெழுத்து.”

“எதுக்கு?”

“சங்கம் ஒரு பக்கமும் சொல்லக்கூடாது எண்டு.”

இயந்திரம் நின்றது. மேரி அக்கா தாளை வாங்கி முழுவதும் வாசித்தார். பிறகு நிமிர்ந்து, “நீங்க எப்படி ஓட்டு போடப்போறீங்க, அண்ணே?” என்று கேட்டார்.

நான் மாமாவைப் பார்த்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் வளைந்து கொடுக்கலாம். “இன்னும் யோசிக்கேல்லை” என்று சொன்னால் போதும், கையெழுத்து விழும், பேச்சும் திரும்பும். எழுந்து நின்றவர் முகம் சிவந்தாலே தாங்காத மனிதர் அவர்.

“வேண்டாம் எண்டுதான்” என்றார் மாமா.

“இன்னுமா?”

“அரிசி மூட்டை நடக்காது, மேரி.”

மேரி அக்கா தாளை இயந்திரத்தின்மேல் விரித்தார். “மாறிட்டேன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இந்தப் பேப்பரை சுருட்டி உங்க வாயிலயே வச்சிருப்பேன்” என்றார். சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடினார். கையெழுத்துப் போட்டார். ஆனால் தேநீர் தரவில்லை. அதை மாமா வெளியே வந்து இரண்டு தரம் சொன்னார்.

ஆறு

கூட்டம் நூலகத்தின் சிறிய மண்டபத்தில் நடந்தது. நான் உறுப்பினர் இல்லை. பின்வரிசையில் இருந்து கேட்கலாம், பேச முடியாது. மாமாவுக்காக நான் எழுதிக்கொடுத்த குறிப்புகள் நல்ல குறிப்புகள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். ஆங்கிலத்தில் மெதுவாகத்தான் சொன்னார்:

“நான் வேண்டாம் என்று வாக்களிப்பேன். எனக்குக் கார் வேண்டும். என் பக்கத்துக் கடைக்காரி வேண்டும் என்று வாக்களிப்பார். அவருக்கு பஸ் வேண்டும். என் மனைவிக்கும் பஸ் வேண்டும்.” சிரிப்பு. “சங்கத்துக்குப் பணம் நாங்கள் எல்லாரும் கட்டுகிறோம். இரண்டு பக்கத்துக்காரரும். நான் வந்த ஊரில் சங்கம் சொன்னால் கடையைப் பூட்டுவோம். எங்களை யாரும் கேட்கவில்லை. இங்கே நீங்கள் கேட்டீர்கள். கேட்டபோது நான் யோசிக்காமல் கையைத் தூக்கினேன். இப்போது யோசித்துவிட்டேன்.”

பிறகு தீர்மானத்தை வாசித்தார். கிரெக் சுற்றிப் பார்த்தார். “வழிமொழிபவர்?”

யாரும் கை தூக்கவில்லை. மேரி அக்கா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் கையை உயர்த்துவதற்குள் நூடில்ஸ்கடை டேவிட் கையைத் தூக்கிவிட்டார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். டேவிட் “வேண்டாம்” பக்கத்தின் முக்கியமான ஆள்.

விவாதம் நன்றாகவே நடந்தது. கிரெக் தன் நியாயத்தைச் சொன்னார். மருந்தகக்காரி, இரண்டு பக்க நியாயங்களையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுப்பதுதான் சங்கத்தின் வேலை, யாராவது பிரசாரம் செய்ய விரும்பினால் விரும்பியவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்துச் செய்யட்டும் என்றார். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது, இன்றைக்கும் படுகிறது. ஒருவர், வாக்கெடுப்பு ஏற்கெனவே தொடங்கிவிட்டது, இப்போது பின்வாங்கினால் சங்கம் கேலிக்கூத்தாகும் என்றார். அவர் சொன்னதற்குத் தலைகள் ஆடின.

வாக்கு எடுத்தார்கள். கொஞ்சம் வித்தியாசத்தில் மாமாவின் தீர்மானம் தோற்றது. எதிராகக் கை தூக்கியவர்களில் டேவிட்டும் ஒருவர்.

மாமா முடிந்த கையோடு நேரே அவரிடம் போனார். நான் பின்னால் ஓடினேன். “நீங்கள்தானே வழிமொழிந்தீர்கள்?”

டேவிட் கொஞ்சம் வெட்கப்பட்டார். “நீங்கள் அங்கே தனியாக நின்றீர்கள், சிவா. பார்க்க ஒரு மாதிரி இருந்தது.”

மாமா அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தோற்ற மனிதர் போலவே இல்லை. வாசலுக்கு வரும்போது, “வினோ, சீனரும் எங்கட வழக்கம்தான், கண்டியோ” என்று என்னிடம் சொன்னார்.

மேரி அக்கா கறிப்பஃப் டப்பாவோடு பின்னால் வந்தார். கூட்டத்துக்கு என்று செய்துகொண்டு வந்து, யாருக்கும் கொடுக்க மனம் வராமல் அப்படியே மூடிவைத்திருந்தாராம்.

“தோத்துட்டோம், அண்ணே.”

“ஓம். தோத்திட்டம்.”

“அந்த இங்கிலீஷ் யார் எழுதிக் கொடுத்தது?”

“நானே கதைச்சது.”

“அதான் பாத்தேன். தப்பு இருந்துச்சு.” டப்பாவைத் திறந்து நீட்டினார். “ஆனா எனக்குப் புரிஞ்சிச்சு.”

மாமா ஒன்றை எடுத்துக் கடித்தார். உறைப்புக் காணாது என்றார். அப்படியென்றால் வைத்துவிடுங்கள் என்றார் மேரி அக்கா. மாமா இரண்டாவதையும் எடுத்தார். வாகனத் தரிப்பிடத்தில், ஒருவர் மாற்றி ஒருவர், சங்கத்தையும் கிரெக்கையும் மலேசியக் கறித்தூளையும் யாழ்ப்பாணத்துக் கறித்தூளையும் குறை சொல்லிக்கொண்டு நின்றார்கள். நான் காரில் ஏறி இருந்து, அவர்கள் முடிப்பார்கள் என்று காத்திருந்தேன்.

ஏழு

இதை எழுதும் நேரத்தில் நிலைமை இதுதான்.

வாக்குச்சீட்டு உறைகள் எல்லா வீட்டுக்கும் தபாலில் வந்துவிட்டன. மாமா வேண்டாம் என்று போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டார். மாமி வேண்டும் என்று போட்டு, மாமாவின் கையில் கொடுக்க நம்பிக்கையில்லாமல், சுப்பர்மார்க்கெட்டில் வைத்திருக்கும் பெட்டியில் தானே கொண்டுபோய்ப் போட்டார். அபிக்கு இன்னும் வாக்கில்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறாள், ஆங்கிலத்தில். முடிவு இன்னும் வரவில்லை.

அடுத்த பிரசுரத்தில் மாமாவின் கடைப் பெயர் இருக்காது என்று கிரெக் ஒப்புக்கொண்டிருக்கிறார். உறுப்பினர்கள் எல்லாருக்கும் இதில் ஒரே கருத்தில்லை என்று ஒரு வரி சேர்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். வாக்கெடுப்புகளில் சங்கம் பக்கம் எடுக்கக்கூடாது என்ற விதி மாற்றத்தை ஆண்டுக் கூட்டத்துக்குக் கொண்டுபோக மாமாவும் மருந்தகக்காரியும் முயல்கிறார்கள். அது வெல்லுமா என்று எனக்குத் தெரியாது.

மாமாவும் மேரி அக்காவும் பேசுகிறார்கள். பஸ் பாதையைப் பற்றியும் பேசுகிறார்கள், இன்னும் ஒத்துவரவில்லை.

சங்கம் வேண்டாம் என்ற பக்கத்தில்தான் இருக்கிறது. அதற்கான பணத்தை இருவரும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.